படத்தில் மூன்று வயது, வாசலில் பதினொன்று

1. கூண்டைத் திறந்தபோது

செல்லப்பிராணிகளை வேனில் ஏற்றி இறக்கும் வேலையைத் தொடங்கிய இரண்டாவது வாரம், புலாவ் தீக்குஸில் ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு பெண்மணி என்னைத் திருடி என்று கத்தினார். இணைய விளம்பரத்தில் அவர் பார்த்தது நான்கு மாத வெள்ளைப் பெர்சியன் பூனைக்குட்டி. கூண்டுக்குள் இருந்ததோ முடி கொட்டி, கண்ணில் சீழ் வடியும் முழு வளர்ச்சி பெற்ற பூனை.

"நடு வழியில பூனைய மாத்திட்டியா? போட்டோவ பாரு லா!" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். விற்றவருக்கு அழைத்தேன். என் எண்ணை பிளாக் செய்திருந்தார்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கியூசி வேலை. டிராயிங்கில் உள்ள அளவும் கையில் உள்ள பார்ட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. தொழிற்சாலையை மூடியதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்பக்கம் வரைக்கும் ஏர்கோன் குளிர் வர வைத்து, கூண்டுகளைப் பொருத்தினேன். இத்தனை வருடப் பழக்கம் இருந்தும், அந்தப் பூனையை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே ஏற்றிவிட்டேன். தப்பு என்னுடையதும்தான்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஏற்றும் முன் விளம்பரத்தைத் திறந்து பார்ப்பேன். பல், கண், காது, நடை எல்லாவற்றையும் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்புவேன். அவர் ஓகே சொன்னால்தான் வேன் நகரும்.

போகப்போகக் கண் பழகிவிட்டது. ஆட்டுக்குப் பக்கத்தில் சின்னக் குழந்தையை நிறுத்திப் படம் எடுத்தால் ஆடு பெரிதாகத் தெரியும். குட்டிகளோடு நிற்கும் அழகான தாய் நாய் பக்கத்து வீட்டு நாயாக இருக்கும். "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று எழுதியிருந்தால் நான் கையுறை போட்டுக்கொண்டுதான் இறங்குவேன்.

2. சுங்கை பாக்காப் நாய்

எல்லோரும் பண ஆசைக்காகத்தான் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன், பெர்னாட் அண்ணனைப் பார்க்கும்வரை.

சுங்கை பாக்காப்பில் இருந்த அவர், தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய விளம்பரம் இது: "லாப்ரடார் கலப்பு. மூன்று வயது. நல்ல சுறுசுறுப்பு. இலவசம், நல்ல வீடு வேண்டும்." படத்தில் ஒரு பழுப்பு நாய் ஆற்றுத் தண்ணீருக்கு மேலே பந்தைப் பிடிக்கப் பாய்ந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் டவுனில் இருக்கும் சரவணன் என்ற தம்பி அதைக் கேட்டு, வேனுக்கும் சொல்லியிருந்தார்.

அண்ணன் வீட்டு கேட்டுக்குள் போனேன். நாய் எழுந்து நிற்கவே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. முகம் முழுக்க வெள்ளை. இடது கண்ணில் பால் படிந்ததுபோல் ஒரு திரை.

"ஏத்தும்மா, வெயில் வர்றதுக்குள்ள ஏத்திரும்மா" என்று அவர் அவசரப்படுத்தினார்.

"அண்ணே, படத்துல இருக்கறது இந்த நாய்தானா?"

"சத்தியமா இதேதான். பேரு கோப்பி, கூப்பிட்டுப் பாரு."

"எப்போ எடுத்த படம்?"

"எட்டு வருஷம் இருக்கும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். போன வருடம் மனைவி தவறிவிட்டார். மாதக் கடைசியில் ஜொகூரில் மகளோடு தங்கப் போகிறார். மகளின் அபார்ட்மெண்டில் நாய்க்கு அனுமதி இல்லை.

"பதினொரு வயசுன்னு போட்டா எவன்மா சீண்டுவான்? வீடியோ எடுக்காதம்மா. அந்தத் தம்பி வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் பழகிட்டா, திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது."

நாய் வந்து என் முட்டியில் தலையைச் சாய்த்தது. ஒரு நிமிடம் எனக்கும் போனைப் பைக்குள் போட்டுவிடலாம் என்று தோன்றியது. போடவில்லை. வெள்ளை முகம், கண், இழுத்து நடக்கும் பின்னங்கால் எல்லாவற்றையும் எடுத்து அனுப்பினேன். பெர்னாட் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் சரவணன் அழைத்தார். அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, நம்ம வீடு கடைவீட்டு மேல்மாடி, கீழ கடை. படி ஏணி மாதிரி நிக்கும். நானும் வைஃபும் ஷிஃப்ட் வேலை. தூக்கிட்டு ஏறி இறங்க ஆளு இல்ல. பாவம் அக்கா அது. வேணாம்."

குரலில் கோபம் இல்லை. அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"படி இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா."

"இதுக்குக் கால் வலின்னு அவருக்கும் தெரியாது அண்ணே."

நான் உடனே கிளம்பவில்லை. பழைய விளம்பரத்தை அழித்தோம். அன்றைய படங்களை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: பதினொரு வயது. இடது கண் தெரியாது. பின்னங்காலில் வலி, தினமும் மாத்திரை. படி ஏறாது. இடிக்குப் பயப்படும். வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. கடைசியாக அவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "பேர் சொல்லிக் கூப்பிட்டால் மெதுவாக வரும். ஆனால் வரும்."

எட்டு நாள் யாரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் இது விளையாட்டா என்று கேட்டு எழுதியிருந்தார். அண்ணன் தினமும் எனக்கு அழைத்தார். நான் செய்தது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒன்பதாவது நாள் ஜெலுத்தோங்கிலிருந்து இந்திராணி என்பவர் அழைத்தார். பெரிய மருத்துவமனையில் மிஸ்ஸியாக, நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்தக் காது நன்றாகக் கேட்கும், ஒரு நாளைக்கு எத்தனை முறை வெளியே விட வேண்டும் என்று அண்ணனை முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார்.

நாயோடு அண்ணனும் வேனில் வந்தார். இந்திராணி அம்மாவின் வீட்டில் மாடி கிடையாது. கோப்பி சமையலறைப் பக்கம் போய், குளிர்ந்த தரையில் படுத்துக்கொண்டது.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "இத்தனை நாய் இருக்கே, ஏம்மா இந்தக் கிழட்டு நாய?"

"எனக்கு அறுபத்தெட்டு வயசு. குட்டி வாங்கினா அது பதினஞ்சு வருஷம் இருக்கும். நான் இருப்பேனா? ரெண்டு மாசமா வயசான நாயாத்தான் தேடுறேன். உங்க முதல் விளம்பரத்தையும் பாத்தேன். மூணு வயசுன்னு போட்டிருந்தது, தள்ளிட்டுப் போயிட்டேன்."

அண்ணன் மாத்திரைப் பெட்டியை எடுத்து, எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தார்.

பொய்யான படம் வாங்க வருகிறவரை ஏமாற்றும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தேடிக்கொண்டிருக்கிற சரியான ஆளையும் அது தள்ளிப் போக வைக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதை எடுக்காதே என்று சொல்கிறார்களோ, அந்த இடத்தில் கேமராவைக் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்திருங்கள்.