கபூர் முதலாளியின் காருக்கு ஒரு பொனட்

"நேரா இருக்கா புள்ள?"

"இருக்குங்க மாமா."

"சும்மா சொல்லாத. குனிஞ்சு பாரு."

கலைச்செல்வி குனிந்து, கார் இஞ்சினை மூடும் பொனட்டைப் பார்த்தாள். "இடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு."

"கொஞ்சம்னா?"

"வெரல் போகும்."

"காலையில நேராத்தானே இருந்திச்சு!" இந்திரகுமார் ஸ்பேனரைத் தரையில் எறிந்தார். அது உருண்டு காருக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்தபோது பம்பர் நெற்றியில் இடித்தது. "அடிச்சுக்க. ஒனக்கும் என்னயப் பாத்தா எளப்பமாத்தான் இருக்கும்" என்றார் காரிடம்.

அவர் அவளுடைய தாய்மாமன். கரவனெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவர். வீட்டில் எல்லாரும் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள். அவருக்கு மட்டும் அந்தப் பால் நாற்றமே ஆகாது. இளவயதிலேயே கத்தியைப் போட்டுவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினார். ஒரு கராஜில் கார்த் தகரம் தட்டும் டிங்கரிங் வேலை பழகித் திரும்பிவந்து, ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டார். மனிதர்களிடம் அவருக்குக் கோபம் வராது. இருக்கிற கோபமெல்லாம் தகரத்துக்குத்தான். கலைச்செல்வி முன்பள்ளி டீச்சர். லீவு நாட்களில் பொனட்டின் மறுபக்கத்தைப் பிடிக்க அவளைக் கூப்பிடுவார். "நீ பேசமாட்ட. அதான் எனக்கு வசதி" என்பார்.

கார், இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரம் செய்யும் கபூர் முதலாளியுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, அந்தக் காலத்துச் சிவப்புக் கார். துருப்பிடித்து உதிர்ந்த பொனட்டுக்குப் பதிலாக வேறொன்றைக் கப்பலில் வரவழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் மாப்பிள்ளையாகப் போவது இந்தக் காரில்தான். "இத சரியா செஞ்சி தாங்க இந்திரகுமார், மத்த ரெண்டு பழைய காரும் ஒங்களுக்குத்தான். இல்லாட்டி கொழும்புல பாத்துக்கொள்றேன்." இரண்டு கார் கிடைத்தால் வருஷம் பூராவும் கொட்டகையில் வேலை இருக்கும்.

பொனட்டின் முன்மூலைகள் உட்காரும் ரப்பர் கட்டைகளும் பொடிந்துபோயிருந்தன. ரப்பர் காட்டில் இருந்துகொண்டு ரப்பரைக் கடையில் வாங்குவார்களா? மனைவி வெள்ளையம்மா வேலை செய்யும் புகைக்கூட்டிலிருந்து, அங்கே உலர்த்தும் ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மடித்து வெட்டி வைத்தார். அதில் அவருக்குப் பெருமைதான்.

தினமும் காலையில் பொனட்டின் கீலைத் தளர்த்தி, வொஷர் வைத்து, சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டுக்குச் சமமாகப் பொனட்டை நிறுத்துவார். கடைவீதி வரை ஓட்டித் திரும்பினால் மூலை இறங்கியிருக்கும். கீலை மாற்றினார். வொஷரைக் கூட்டினார், குறைத்தார். பொனட்டை மடியில் கிடத்தி முழங்காலால் நெளித்தும் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. "கப்பல்ல வந்த திமிரு" என்று அதைத் திட்டினார்.

வெள்ளிக்கிழமையும் ஓட்டி வந்து திறந்தார். ஆத்திரத்தில் முன்மூலையில் ஓங்கிக் குத்தினார். கையை எடுத்தபோது பழுப்பாக ஒரு நூல் கூடவே இழுபட்டு வந்தது. தான் வெட்டி வைத்த ரப்பர் கட்டையைத் தடவிப் பார்த்தார். புகையில் காய்ந்ததே தவிர, கந்தகம் சேர்த்துச் சுட்டு இறுக்காத வெறும் ரப்பர் ஷீட். இஞ்சின் சூட்டில் இளகி, பூட்டு இழுத்த இழுப்புக்கு நசுங்கியிருந்தது. கீல் ஒரு பாவமும் அறியாது.

சோறு கொண்டுவந்த வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. "பால் வெட்டப் பயந்து ஓடுன மனுசன பாலே தேடிவந்து புடிச்சிருச்சே!"

"சோத்த வச்சிட்டுப் போ."

"ஷீட் கேக்கையில எதுக்குன்னு சொன்னீங்களா? செருப்புக்குன்னு நெனச்சேன்."

அவர் பழைய லொறி டயர் ஒன்றை இழுத்துப்போட்டு அறுத்தார். அந்தக் கட்டைகளை வைத்து ஓட்டிவந்தபோது பொனட் நகரவில்லை. கலைச்செல்வி கேட்காமலே குனிந்து பார்த்து, தலையை ஆட்டினாள்.

மறுநாள் கபூர் முதலாளி வந்தார். இடைவெளியில் விரலை ஓட்டிப் பார்த்தார். திருப்திதான். ஆனாலும் முகம் இறுகியே இருந்தது.

"இதுக்கு ஏன் இவ்வளவு நாள்? வெளங்கிச் செஞ்சீங்களா, இல்ல தட்டித் தட்டிப் பாத்து வந்திச்சா? அதச் சொல்லுங்க. மத்த கார் விசயம் பொறகு பேசலாம்."

இந்திரகுமார் கீலைப் பார்த்தார். பழியை அதன் மேல் போட ஒரு வார்த்தை போதும். பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"கலை, நீ சொல்லு புள்ள. ரப்பர்தான்னு நீயே சொல்லிரு. எனக்கு வாய் வரல."