கதிரேசன் திரும்ப வாங்கிய இதழ்

குரங்கணி டீக்கடையில் 'மலைக்காற்று' பத்திரிகைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸிலிருந்து தமிழ்ச்செல்வி போன் செய்தாள். "அண்ணே, கதிரேசன் சாரு போயிட்டாருண்ணே. நெஞ்சு வலின்னாரு. மதுரைக்குக் கொண்டு போற வழியிலேயே..." அவள் வைத்த பிறகும் போன் என் காதிலேயே இருந்தது. எதிரே ஆசிரியர் கதிரேசன் என்று பெயர் போட்ட புது இதழ்கள். மை வாசம்கூடப் போகவில்லை.

அவன் என் அக்காள் மகன். சென்னையில் பெரிய டி.வி. கம்பெனி நிர்வாகி. அவன் லிப்டில் ஏறினால் பத்துப் பேர் இறங்கிக்கொள்வார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை உதறிவிட்டு, பல வருஷமாக நின்றுபோயிருந்த இந்த வாரப் பத்திரிகையை எழுப்பப் போடிக்கு வந்தான். "செத்த மாட்டுக்குப் புல்லு போடுறியே மாப்ளே" என்றேன். "நீங்க ஒரு கை பிடிச்சா எந்திரிச்சிரும் மாமா" என்று மலையூர்களுக்கு இதழ் போடும் ஏஜென்சியையும் மலைச் செய்தியையும் என் தலையில் கட்டினான். எட்டாம் வகுப்பு தாண்டாத நிருபர் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தன்தான்.

ஏலக்காய் விலையை முதல் பக்கத்தில் போட்டான். "விலை பாக்கத்தான் வாங்குவான் மாமா, சேதியை வாசிக்காம கீழ வைக்கமாட்டான்" என்றான். அப்படியே நடந்தது. காட்டுமாடு ஒன்று வந்தால் நான் ஒன்பது என்று எழுதுவேன். அவன் அடித்துவிட்டு, "ஒன்னு வந்தாலே பயந்தானே மாமா" என்பான்.

ஒரு ஐப்பசி மழையில், தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போன ஜீப்பு மெட்டு மலைப்பாதை வளைவில் கவிழ்ந்து ஒருத்தி இறந்தாள். கங்காணியின் பெயர்ச் சீட்டைப் பார்த்து, இறந்தவள் சிலமலை பேச்சியம்மாள் என்று கதிரேசனிடம் சொன்னேன்.

"வீட்டுக்குப் போயி விசாரிச்சீங்களா மாமா?"

"போனேன் மாப்ளே. ஊரே அழுகுது."

நான் போகவில்லை. அந்த அழுகையையும் நானே எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே அச்சேறியது.

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால், அவள் வேலை கைவிட்டுப் போகாமல் இன்னொருத்தி அவள் பெயரிலேயே மாற்றாளாக ஏறுவாள். பேச்சியம்மாள் காய்ச்சலில் வீட்டில் கிடந்திருக்கிறாள். இறந்தது அடுத்த வீட்டுச் செல்லக்கிளி. மறுநாள் பேச்சியம்மாள் போர்வையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "நான் உசுரோடதானய்யா நிக்கிறேன். எனக்காகப் போனவ பேரு எங்க?"

கதிரேசன் ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு, குரங்கணி வரை கடைகடையாகப் போய் இதழ்களைத் திரும்ப வாங்கினான். புதிதாக அச்சடித்தான். ஏலக்காய் விலை இருந்த இடத்தில் செல்லக்கிளியின் பெயர். கீழே, "தவறு என்னுடையது, கதிரேசன்." வியாபாரிகள் ஏசினார்கள். என் பெயரை அவன் எங்கேயும் சொல்லவில்லை. "வாங்க மாமா, அழுகிற வீட்டைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனான்.

செல்லக்கிளியின் தாய்க்கு எழுத்துத் தெரியாது. "இதுல எங்கப்பு என் மக?" என்று தாளைத் தடவினாள். அவன் அவள் விரலைப் பிடித்து அந்தப் பெயரின்மேல் வைத்தான். அந்த விரல் தாளைவிட்டு எழவே இல்லை. இப்போதும் இதழை விரித்தால் எனக்கு அதுதான் தெரிகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போவான். "நீதான என் மக பேரை மாத்திப் போட்டவன்?" என்று அந்த அம்மாள் கேட்பாள். "ஆமா ஆத்தா" என்பான். ஊரே வாயடைக்கப் பேசுகிற நான் பக்கத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கதிரேசனைத் தெரிந்தவர்களே, அவன் எனக்கு வைத்துவிட்டுப் போனது அந்த வாசல் ஒன்றுதான். வருகிற ஐப்பசியில் தனியாகப் போவேன். "மாத்திப் போட்டவன் எங்க?" என்று அவள் கேட்பாள்.

"இந்தா நிக்கிறேன் ஆத்தா."