இன்னாசிமுத்துவின் ஞாயிற்றுக்கிழமை

நெய்வேலி பதினெட்டாம் பிளாக்கில் இன்னாசிமுத்து என்றொரு நல்லவர் இருக்கிறார். ஐம்பத்து மூன்று வயதாகியும் குணமாகவில்லை. சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர், பெர்மனென்ட். பிறருடைய தேவையை முதலில் பார்ப்பவனே கிறிஸ்தவன் என்று சின்ன வயதில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் மாட்டிக்கொண்டார்.

மாட்டிக்கொண்ட இடத்துக்கு 'ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது' என்று பெயர். ஒருவருக்கு அவசரம் என்றால், வார விடுப்பில் இருக்கும் இன்னொருவர் அவருக்காக வேலைக்குப் போகலாம். பிறகு அவர் இவருக்காக ஒரு நாள் வர வேண்டும். இன்னாசி விஷயத்தில் முதல் பாதி மட்டும் தவறாமல் நடக்கும். தீபாவளிக்குப் போவார். பன்னிரண்டு வருஷமாக ரம்ஜானுக்கு முகமது அசீமுக்காகப் போகிறார். கிறிஸ்துமஸ் அன்றும் போவார். அந்த வாரம் பார்த்து யாருக்காவது சபரிமலைக்கு வேன் கிளம்பும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ஜெசிந்தாவுக்கு நிச்சயதார்த்தம். காடாம்புலியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருகிறார்கள். அவருக்கு அன்று வார விடுப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

கூட வேலை பார்க்கும் ஜெயகணேஷ் வாசலில் பைக்கை நிறுத்தினான். இறங்கக்கூட இல்லை.

"இன்னாசிண்ணே, ஞாயித்துக்கெழம எங்க மாமியாருக்குக் கருமாதி. எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. ஒங்கள வுட்டா யாருண்ணே?"

"அதுக்கென்னப்பா, போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

சொன்னது அவருடைய வாய். அவருக்குச் சேதி எட்டியபோது பைக் தெரு முனை திரும்பிவிட்டது.

மனைவி பிலோமினா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஆறுலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் மைன்ஸ்ல இருப்பீங்க. இங்க தட்ட மாத்துறது யாரு, கன்வேயர் பெல்ட்டா?"

"சாவு வூட்டுக் காரியம் பிலோமி. முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது?"

"ஆண்டவரு சிலுவதான் சொமந்தாரு. ஷிஃப்ட்டு சொமக்கல."

யாராவது தன்னைத் தடுத்தால் தேவலை என்று சனிக்கிழமை காலை பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னார். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்குப் பிரசங்கத்துல ஒங்களத்தான் உதாரணமாச் சொல்லப் போறேன் இன்னாசி" என்றார். திறந்திருந்த ஒரே ஜன்னலும் சாத்தப்பட்டது.

அங்கிருந்து மந்தாரக்குப்பம், அசீம் வீடு. அசீமுக்கும் ஞாயிறு விடுப்புதான்.

"எதுனா ஒதவி வேணுமாண்ணே?"

"சேச்சே, சும்மா வந்தேன் பாய்."

இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினார். கொடுக்க மட்டுமே பழகிய மனிதர். கேட்பதற்கு எங்கே வாயைத் திறப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. திறந்தால் ஜெசிந்தா. பின்வாசல் வழியாகப் போய், சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"இன்னாசிண்ணே, நாளைக்கு எனக்கு ஒரு அவசரம்ணே."

"என்னம்மா வெளையாட்டு இது?"

"பதினோரு மணிக்கு நிச்சயம். எங்கப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு போறாரு. அவரு எடத்துல ஒக்கார ஆளில்ல. ஒங்கள வுட்டா யாருண்ணே?" சிரித்தபடி ஆரம்பித்தவளுக்கு முடிக்கும்போது குரல் உடைந்தது. "எங்களையும் பிறத்தியாரா நெனச்சிக்கோங்கப்பா. அப்பவாவது செய்வீங்க."

வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. "அதுக்கென்னம்மா, நான் பாத்துக்கறேன்."

இரண்டு இடத்துக்கு வாக்கு, ஆள் ஒருவர். மறுபடி மந்தாரக்குப்பம்.

"பாய், நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு..." சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "ஜெயகணேஷுக்காக நான் போறதா... என்னால முடியல பாய். நீங்க போறீங்களா?"

"இத காலைல சொல்லியிருந்தா ரெண்டாவது டீ மிச்சமாயிருக்கும்" என்றார் அசீம். "பன்னெண்டு ரம்ஜான்ணே. ஒரு தடவையாச்சும் என்னைய நல்லவனா இருக்க வுட்டீங்களா? எல்லாத்தையும் நீங்களே வச்சிகினு இருந்தா எப்பிடி? போங்க, நான் போறேன்."

ஞாயிறு ஏழு மணிப் பூசையில், "இந்நேரம் சுரங்கத்தில் நிற்கும் நம் சகோதரர்" என்று சாமியார் உருகினார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த சகோதரர் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பதினோரு மணிக்குத் தட்டு மாற்றினார்கள். இன்னாசி புதுச் சட்டையில் கைதி போல உட்கார்ந்திருந்தார். கண் கடிகாரத்திலேயே இருந்தது.

"சம்பந்திக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா விசாரித்தார்.

"நல்லாத்தான் இருக்காருங்க. அதுதான் அவருக்கு ஒத்துக்கல" என்றாள் பிலோமினா.

பந்தி போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள்; இன்னாசி இலை முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். தனக்காக ஒருவர் தூசியில் நிற்கும்போது பிரியாணி எப்படி இறங்கும்? ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளும் கையைக் கட்டிக்கொண்டாள். மணி இரண்டு ஆகி ஷிஃப்ட் முடிந்ததும் அப்பாவும் மகளும் ஆறிப்போன இலையில் கை வைத்தார்கள்.