வரப்போரத்துத் துளசியில் மருந்து

ஒலக்கூர்ப் பக்கம் சகாயராஜைத் தெரியாதவர்கள் குறைவு. மாதா கோயிலுக்குப் போகிற மனுஷன் பெருமாளுக்குத் துளசி வளர்க்கிறான் என்று கிண்டல் பண்ணுவார்கள்.

"பெருமாளுக்கு மாலை, எனக்குச் சோறு. நடுவுல உனக்கு இன்னா பேஜாரு?" என்பார்.

விதையை மணலோடு கலந்து தூவி, நாற்று விரல் உயரம் வந்ததும் எடுத்து நடுவார். பூக்க விட்டால் இலை சிறுத்துவிடும் என்று கதிரைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். பச்சைக் கட்டு திண்டிவனம் பூக்கடைக்கு. நிழலில் உலர்த்தியது நாட்டு மருந்துக் கடைக்கு. சளிக்கும் இருமலுக்கும் ஜனங்கள் வாயில் போடுகிற இலை, அதனால் வேப்பம்புண்ணாக்குக் கரைசலைத் தவிர வேறெதையும் தெளிக்கமாட்டார்.

அன்றைக்குக் காலை அறுக்கக் குனிந்தவருக்குப் பூச்சிமருந்து நெடி குப்பென்று ஏறியது. வரப்போரச் செடிகளில் இலைக்கு இலை வெள்ளைத் திட்டு. பக்கத்து நிலத்துக்காரர் சக்கரபாணி, மல்லாட்டைப் பயிரில் நேற்று அடித்தது போக மிச்சத்தை அடிக்க, ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், என் துளசியில அடிச்சிருக்கிற."

"காத்து அடிச்சுது. காத்தை நான் கட்டியா வெச்சுக்கினு இருக்கேன்?"

வரப்பைத் தாண்டிய வேகத்தில் சகாயராஜ் ஆளை ஸ்பிரேயரோடு கவிழ்த்தார். சக்கரபாணி புரண்டு எழுந்து களைக்கொத்தின் காம்பால் ஓங்கிப் போட்டார். நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. மறைத்த கண்ணோடே கழுத்தைப் பிடித்து மண்ணில் சாய்த்து, நெஞ்சில் முட்டியை ஊன்றினார் சகாயராஜ். சக்கரபாணி அவர் மணிக்கட்டைக் கடித்தார். பல் இறங்கியது, பிடி விடவில்லை. அந்த நேரத்தில் சகாயராஜ் ஆளைக் கொன்றுகொண்டிருந்தார், வேறென்ன சொல்வது.

"நேத்தே சொன்னேன்," என்று சக்கரபாணியின் குரல் பிசிறியது. "உன் வூட்டம்மா வரப்போரம் கிள்ளிக்கினு இருந்தாங்க. அந்தத் துளசியில மருந்து இருக்குது அக்கான்னேன்."

"அதுக்கு?"

"'துளசின்னாலே மருந்துதான், எனக்கே சொல்லித் தர்றியா'ன்னு சிரிச்சிட்டு இன்னொரு கை கிள்ளிக்கினு போனாங்க."

கை தளர்ந்தது. எதற்குக் கிள்ளினாள் என்று சகாயராஜுக்குத் தெரியும். பேத்திக்கு மூக்கடைப்பு. காலையில் இலையை வதக்கி ரெண்டு சொட்டுச் சாறு கொடுக்கலாம் என்று மனைவி இருதயசெல்வி சொல்லியிருந்தாள்.

ஓடினார். தன்னைப் பார்த்தால் மட்டும் பேத்தி சிரிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அது வயிற்றுக் காற்றுக்குச் சிரிக்கிற சிரிப்பு என்று மனைவி சொன்னபோது சண்டைக்குப் போனவர்.

வீட்டில் இருதயசெல்வி காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். சாறு ஊற்றிய பாலாடை உதட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. சகாயராஜுக்கு வாய் திறக்க மூச்சில்லை. எட்டி உதைத்தார். பாலாடை சுவரில் மோதித் தெறித்தது. ரத்த முகத்தோடு நின்றவரைக் கண்டதும் இருதயசெல்வி தண்ணிச் சொம்பைத் தூக்கித் தாடையில் அடித்தாள்.

"புள்ளமேல காலை ஓங்கறியா? காலையிலயே ஊத்திக்கினியா?"

"விஷம். அது விஷம். குடுத்துட்டியா?"

மகள் ஜெசி பிள்ளையைப் பிடுங்கி உதட்டை முகர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் படலப்பா."

பேத்தி வீடு அதிரக் கத்தினாள். சகாயராஜ் தரையில் உட்கார்ந்து, அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே ரத்தம் துப்பினார்.

கழுத்தில் விரல் தடத்தோடு சக்கரபாணி வாசலில் வந்து நின்றார். "கொழந்த குடிச்சிடுச்சா?"

இருதயசெல்வி துடைப்பத்தை எடுத்தாள். "மருந்துன்னியே. விஷம்னு சொல்ல," ஒரு அடி, "வாய் வரல," இன்னொரு அடி, "உனக்கு?"

"எல்லாரும் மருந்துன்னுதான் அக்கா சொல்றாங்க." நகராமல் வாங்கிக்கொண்டார்.

வரப்போரச் செடிகளைப் பிடுங்கிப் புதைத்தாகிவிட்டது. இப்போதெல்லாம் ஸ்பிரேயரை மாட்டும் முன் சக்கரபாணி வரப்பில் நின்று தெருவுக்கே கேட்கக் கூவுகிறார்:

"அக்கா, விஷம் அடிக்கப் போறேன்."

சகாயராஜ் பேத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். அவள் அவர் நெற்றித் தழும்பைப் பிறாண்டிக்கொண்டே போகிறாள்.