பெண்டு எடுக்கும் பெரியப்பா

எங்கள் பெரியப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் தெரியும். அது ஆங்கிலம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. வளைவுக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த ‘பெண்ட்’ என்ற சொல்லை நம் சைக்கிள் கடைக்காரர்கள் ‘பெண்டு’ என்று ஆக்கிக்கொண்டார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைச் சுவரை ஒட்டி அப்படி ஒரு கடை வைத்திருந்தார் அவர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கோணிப்போன சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகி நேராக்குவார். அதற்குப் பெயர் பெண்டு எடுப்பது. அந்த வேலையை நன்றாகத்தான் செய்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கல்லறை பார்க்க வரும் பட்டணத்துக்காரர்களிடம், “டச்சுக்காரன் போவும்போது நம்ம ஊர்ல வுட்டுட்டுப் போன வார்த்தைபா இது” என்று அளப்பார். அவர்களும் தலையாட்டிவிட்டு, கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைப் படம் பிடித்த கையோடு அவரையும் ஒரு படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சொல் சக்கரத்தோடு நின்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டுத் திரியும் பிள்ளைகளைப் பார்த்து, “பெண்டு நிமித்திடுவேன்” என்பார். அங்கே அதற்கு அடி என்று பொருள். வீட்டுக்கு வந்த மருமகளை விடிந்ததிலிருந்து நிற்க நேரமில்லாமல் வேலை வாங்கிவிட்டு, “இன்னிக்கு பெண்டு எடுத்துட்டேன் அவளை” என்று நாலு பேரிடம் பெருமை பேசுவார். நாளெல்லாம் ஸ்டூலில் குந்தி டீ குடித்துவிட்டு வந்து, “பெண்டு கழண்டுச்சுடி” என்று பெரியம்மா முன்னால் காலை நீட்டுவதும் அவர்தான். எங்கள் குப்பத்து ஆண்களில் பாதிப் பேர் அவரிடமிருந்துதான் இந்தப் பேச்சைக் கற்றார்கள். கழலுகிற அளவுக்கு அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் பக்கத்து ஊரான பசியாவரத்துப் பெண்களோடு ஏரியில் எறா தடவப் போகிறவள். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே சேற்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டு இறாலைத் துழாவிப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் நிமிர்ந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

நைனா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு மிஞ்சியது ஏரியில் இருந்த பாடு ஒன்றுதான். மீன் நன்றாக ஓடும் இடங்கள் ஏரியில் குறைவு. எந்த வீட்டார் என்றைக்கு எங்கே வலை கட்டுவது என்று வருஷா வருஷம் கோயிலடியில் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். அந்த முறைதான் பாடு. அது கையில் இருந்தால் வீட்டில் உலை கொதிக்கும். ஆண்பிள்ளை இல்லாத வீட்டின் பாடு பங்காளிக்குப் போய்விடும். என் வீட்டில் நான் ஒருத்திதான். பங்காளி யார் என்றால், ஏரித் தண்ணீரில் கால் நனைத்தே பல காலம் ஆன இந்தப் பெரியப்பா.

சீட்டுக் குலுக்கும் அன்று பெண்கள் யாரும் போகாத கோயிலடிக்கு அம்மா போனாள். கூடவே நானும். “எங்க வூட்டுச் சீட்டையும் போடணும்” என்றாள்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னாமா, பாடுன்னா சொம்மாவா? கழுத்துத் தண்ணில நின்னு வலை கட்டுற மொதக் கம்பை நடணும். நட்டவங்களுக்குத்தான் பாடு. பெண்டு கழண்டுடும் உனுக்கு. போ, போயி எறா தடவு.”

“எறா இன்னா ரோட்டுலயா இருக்குது மாமா? அதுவும் தண்ணிலதான்” என்றாள் அம்மா. “நட்டவங்களுக்குத்தான் பாடுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் நடுறேன்.”

கோயிலடியில் வாயைத் திறந்து சொன்னதைத் திரும்ப வாங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. மனிதர் சிரித்த சிரிப்பில் அதை மறந்துவிட்டார். பெரியவர்கள் அவரை முறைத்தார்கள். வேறு வழியில்லாமல் எங்கள் சீட்டையும் போட்டார்கள்.

கம்பு நடும் நாளில் அம்மா புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கம்பைக் கட்டிப் பிடித்துத் திருகித் திருகிச் சேற்றில் இறக்கினாள். முதல் தடவை நீரோட்டம் அதைச் சாய்த்துவிட்டது. பிடுங்கி மறுபடி நட்டாள். படகுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கம்பு நின்றதும் சிரிப்பு நின்றது.

அடுத்து, தன் வீட்டுப் பாட்டுக்குக் கம்பு நட பெரியப்பாவின் முறை. அவர் கரையை விட்டு அசையவில்லை. “எனுக்குத் தண்ணி சேராது. எம்புள்ள நடுவான். அவன் நட்டா நான் நட்ட மாரிதான்” என்றார். பெரியவர்கள் உடனே தலையாட்டினார்கள். அம்மாவுக்கு இரும்பாக இருந்த சட்டம் அவருக்குச் சைக்கிள் கம்பியாகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே வந்தேன்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அவுரு சொன்னத நல்லா கேட்டுக்கினியா?”

மறு வருஷம் கம்பு நடும் நாளில் அம்மா தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “எனுக்கும் தண்ணி சேரல. எம்பொண்ணு நடுவா. அவ நட்டா நான் நட்ட மாரிதான்.”

பெற்றவளுக்காகப் பிள்ளை நடக் கூடாது என்றால் பெரியப்பா மகன் நட்ட கம்பையும் பிடுங்க வேண்டும். பெரியப்பா காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பெரியவர் ஒருவர், “எறங்கு பொண்ணு, தண்ணி வத்திடப் போவுது” என்றார்.

நான் நட்டேன். அம்மா நட்டதைவிடக் கோணலாகத்தான் நின்றது, ஆனால் நின்றது. தண்ணீர் சேராத அம்மா மறுநாள் காலையிலேயே கூடையைக் கட்டிக்கொண்டு எறா தடவப் போனாள் என்பது வேறு விஷயம்.

நான் கரையேறியபோது தோளும் இடுப்பும் தனித்தனியாகக் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. பெரியப்பா கிட்டே வந்து, “இன்னா, பெண்டு கழண்டுச்சா?” என்றார்.

வலிக்கிறது என்று அந்த ஆளிடமா சொல்வேன்?

“எனுக்கு இல்ல பெரிப்பா” என்றேன்.