வரைபடத்தில் காலனிக்கு ஒரு குட்டி அம்பு

கிள்ளையிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில், லேப்டாப்பில் என் ஆராய்ச்சி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலத்தடி நீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்பதை அம்புகளால் காட்டும் வரைபடம்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். "இதுல எங்க காலனி எங்க தம்பி?"

காட்டினேன். அங்கே அம்பு குட்டியாக இருந்தது.

"தண்ணி மெதுவா நகருதுக்கா. இறால் பண்ணை உப்பு உங்க பக்கம் வர ரொம்ப வருஷமாகும்."

"வந்துடுச்சேப்பா. கெணத்துத் தண்ணிய மாடுகூட மோந்துட்டு போயிடுது. நீங்க எப்ப வந்து பாத்தீங்க?"

பார்க்கவில்லை. ஊர்த்தெருக் கிணறுகளை அளந்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அந்த அளவுகளை வைத்து காலனிக்கான அளவுகளை சாஃப்ட்வேரே ஊகித்து நிரப்பிக்கொண்டது. இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் எந்தத் தெருவுக்கு முதலில் குடிநீர்க் குழாய் என்று அதிகாரிகள் முடிவு செய்யப்போகிறார்கள்.

"நாளைக்கே வரேங்க்கா."

"வா. குடிக்கத் தண்ணி கொண்டாந்துடு," என்று சிரித்தார்.

இறங்கியதும் என் ஆராய்ச்சி கைடுக்கு போன் செய்து, காலனிக் கிணறுகளையும் அளக்க வேண்டும் என்றேன். "சாஃப்ட்வேர் போட்டா சரியாத்தான்பா இருக்கும்," என்றார்.

காலனிக்குள் கால் வைக்காமலே காலனியைப் பற்றி முடிவெடுக்க சாஃப்ட்வேர் நம்மிடம்தான் கற்றிருக்கிறது.

உங்கள் தெருவுக்கு யாராவது நேரில் வந்து அளந்தார்களா, இல்லை நீங்களும் நிரப்பப்பட்டவர்கள்தானா?