பலாபத்வலவில் பெய்த எல்கடுவ மழை

மென்பொருளைப் பதிந்து கொடுத்த இறுவட்டின் உறை இளஞ்சிவப்பு நிறம். மாத்தளை டவுனில் அச்சடித்து, நாங்களே கத்தரித்து ஒட்டினோம். அதன் மேல் கொட்டை எழுத்தில் ‘விடுதலை மென்பொருள்’ என்று இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்டில், வெறும் மழைக் கணக்குக்காக அந்தச் சொல்லைத் தமிழில் அச்சடித்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் நாங்களாக மட்டும்தான் இருப்போம்.

அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தவர் டீச்சர். டவுன் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தார். எங்கள் சிறு சங்கத்துக்குச் செயலாளர். மழை அளவுகளைக் கொடுத்தால் வரைபடமாகக் காட்டும் ஒரு மென்பொருளை வெளிநாட்டில் யாரோ எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று விட்டிருந்தார்கள். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கி, பிழை திருத்தி, பாடசாலைகளுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை. சம்பளம் கிடையாது. நான் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய அறையே ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கம். அவரவர் ஊர் மழையை அளந்து அதில் ஏற்றுவது அவரவர் பொறுப்பு. எல்கடுவ மழையைத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் பார்த்தார். பலாபத்வல மழையைப் பார்த்தவர் ஓய்வுபெற்ற சிங்கள விவசாய உத்தியோகத்தர். அவரை மாத்தையா என்போம். டவுன் மழை என்னுடையது.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்று இருந்ததால் ‘இலவசம்’ என்று போடலாம் என்றேன் நான். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. “சும்மா கெடைக்குதுன்னா வாங்கி வச்சுட்டுப் போயிருவாங்க. நம்மளும் திருத்தலாம்னு யாருக்குத் தோணும்?” என்றார். சிங்களத்தில் ‘நிதஹஸ்’ என்று மாத்தையா எழுதிவிட்டார். சுதந்திர தினத்துக்கும் அந்தச் சொல்தான், யாருக்கும் உறுத்தவில்லை. தமிழுக்கு மட்டும் சந்தி, ஒற்று என்று பிற்பகல் முழுக்க மல்லுக்கட்டினோம். வெளியில் அது எப்படிக் கேட்கும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பலாபத்வலப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் உறைத்தது. பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கிப் பைகளைப் பார்த்தபோது, தமிழ் வாசிக்கத் தெரிந்த சிப்பாய் ஒருவர் டீச்சரின் பையிலிருந்து அந்த உறையை எடுத்து முதல் சொல்லை மட்டும் உரக்க வாசித்தாராம். பஸ் போய்விட்டது, டீச்சரை நிறுத்திவைத்துவிட்டார்கள். செய்தி கேட்டு மாத்தையா ஓடிப்போய், இது நிதஹஸ், மழை பார்க்கிற சாமான் என்று விளக்கித் தன் பொறுப்பில் கூட்டிவர மாலையாகிவிட்டது. வேறு சொல் பாருங்கள் டீச்சர் என்று அங்கிருந்த அதிகாரியே சொல்லி அனுப்பினாராம். டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அறையில் நானும் அவரும்தான். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று கிளாக்கர் சொல்லியனுப்பியிருந்தார். மாத்தையாவை மகன்மார் தடுத்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, எனக்கே பயம்தான். இத்தனை நாள் உழைப்பும் போச்சு, சங்கத்தை மூடிவிடலாம் என்றேன். டீச்சர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நெடுநேரம் எதையோ தட்டினார். புதிதாகப் பதிந்த இறுவட்டுகளை எழுத்தில்லாத உறைகளில் போட்டு, வீடு தேடிப்போய் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வந்தார். வாருங்கள் என்று யாரையும் கூப்பிடவில்லையாம்.

மறு ஞாயிறு கிளாக்கர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். “எங்க எல்கடுவ மழையெல்லாம் பலாபத்வலயில பெய்யுது. யாரு கைய வச்சது?” என்றார். அவர் முடிப்பதற்குள் மாத்தையாவும் வந்துவிட்டார். வரைபடத்தில் தன் ஊர் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிறதாம். சிரித்துக்கொண்டே என் டவுனைத் திறந்து பார்த்தேன். வருஷம் முழுக்க ஒரு துளி இல்லை. எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. மூன்று பேரும் ஒரே விசைப்பலகைக்கு அடித்துக்கொண்டதில் சாவடியை மறந்தே போனோம். டீச்சர் பின்னால் பிளேன்டீயும் கையுமாக நின்றார்.

“பயந்தவங்கள வாங்கன்னா வரமாட்டாங்க,” என்றார். “அவங்க ஊரு மழைய யாராச்சும் கெடுத்தா வருவாங்க.”

அந்த மனுஷியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது ‘கட்டற்ற மென்பொருள்’ என்று நல்ல சொல் வந்துவிட்டது. சாவடிகள் இல்லை, சங்கம் இருக்கிறது, டீச்சர் இல்லை. சில ஞாயிறுகளில் டவுன் மழை தப்பாக விழும். தேடினால் ஏதாவது சாதாரணப் பிழையாகத்தான் இருக்கும். அது கையில் அகப்படும்வரைக்கும், யாரோ வேண்டுமென்றே கெடுத்ததாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தேடுகிறேன்.